மலை இறங்கும் முன் போட வேண்டிய ஊசி

ஏலக்காட்டில் வழுக்கி விழுந்து ஒருவருக்குக் கால் எலும்பு முறிகிறது. மாவுக்கட்டுப் போட்டு, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். மூன்று வாரம் போகிறது. வலி குறைந்துவிட்டது. கூட இருந்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். இருபதாம் நாள் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து கொல்லைப்புறம் போனவர், அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். மூச்சு வாங்குகிறது, உடம்பெல்லாம் வியர்வை. ஜீப் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. "மாரடைப்பு" என்று சொல்லி, போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ ஊருக்குக் கொண்டு போகிறார்கள்.

மாரடைப்பாகவும் இருக்கலாம். ஆனால் மூன்று வாரப் படுக்கையும் கட்டுப் போட்ட காலும் சேர்ந்து வருகிற இப்படி ஒரு சம்பவத்தைச் சொன்னால் டாக்டர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வேறொரு வியாதி. காலில் உறைந்த இரத்தக் கட்டி ஒன்று நழுவிப் போய் நுரையீரலின் இரத்தக் குழாயை அடைத்துக்கொள்வதுதான் அது. 'பல்மனரி எம்பாலிசம்' என்று சீட்டில் எழுதுவார்கள். சவப் பரிசோதனை செய்யாமல் தகனம் செய்துவிட்டால் இது எந்தச் சாவு என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆகவே மாரடைப்புக் கணக்கிலேயே போய்விடுகிறது.

இதில் வருத்தம் என்னவென்றால், இது வைத்தியம் இல்லாத வியாதி அல்ல. நேரத்தில் கண்டுபிடித்து மருந்து தொடங்கினால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். அந்த மருந்தும் அமெரிக்காவிலிருந்து வரவழைக்க வேண்டிய மருந்து அல்ல. நமது ஊர் மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பதுதான்.

ஓடாத தண்ணீரில் பாசி

இருதயத்திலிருந்து காலுக்கு இரத்தம் இறங்குவது சுலபம். திரும்ப மேலே ஏறுவதுதான் கஷ்டம். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. நடக்காமல் கிடந்தால் அந்தப் பம்பு நின்றுவிடுகிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற வரையில் பாசி பிடிப்பதில்லை, தேங்கினால்தான் பிடிக்கிறது.

ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ப் விர்ஷோ என்ற டாக்டர் 1840-களிலும் 50-களிலும் இதை ஆராய்ந்தார். நுரையீரலில் காணப்படும் கட்டி அங்கேயே உண்டானது அல்ல, கால் போன்ற வேறு இடத்தில் உண்டாகி இரத்தத்தோடு பயணம் செய்து வந்தது என்று காட்டியவர் அவரே. அவர் பிறந்த அக்டோபர் 13-ஆம் தேதியை 2014 முதல் உலக இரத்தக் கட்டி விழிப்பு நாளாக அனுசரிக்கிறார்கள். இரத்தம் தேங்குவது, குழாயின் உட்சுவரில் அடிபடுவது, இரத்தமே சீக்கிரம் உறையும் தன்மை அடைவது ஆகிய மூன்றும்தான் கட்டிக்குக் காரணம் என்பது இன்றைக்கும் மருத்துவக் கல்லூரிகளில் அவர் பெயராலேயே பாடமாக இருக்கிறது.

கால் முறிந்து படுத்தவருக்கு இந்த மூன்றுமே சேர்ந்துவிடுகின்றன. பெரிய ஆபரேஷன் ஆனவர்கள், பிரசவமாகிச் சில வாரங்களே ஆன பெண்கள், கர்ப்பிணிகள், கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புற்றுநோய்க்காரர்கள் ஆகியோருக்கும் மற்றவர்களைவிட ஆபத்து அதிகம். பாலக்காடு ஜில்லா அட்டப்பாடியில் இருளர் முதலிய மலைவாழ் மக்களிடையே காணப்படும் 'சிக்கிள் செல்' இரத்தசோகையும் இந்தப் பட்டியலில் சேரும். இரத்த அணு அரிவாள் போல் வளைந்துவிடும் பரம்பரை வியாதி அது. அதற்கென்று மத்திய சர்க்கார் 2023 ஜூலையில் தனித் திட்டமே தொடங்கியது. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனா வந்தவர்களுக்கு ஆஸ்பத்திரிகளில் வயிற்றில் ஊசி போட்டார்களே, அதுவும் இந்தக் கட்டியைத் தடுக்கத்தான்.

நாற்காலியும் ஜீப்பும்

படுக்கை மட்டும் அல்ல, மடக்கிய காலோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதும் கட்டிக்கு வழி வைக்கும். 1940-ல் லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் இரவு இரவாகக் குண்டு பொழிந்தபோது ஜனங்கள் பதுங்கு இடங்களில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தார்கள். குண்டு படாமலே அங்கே சிலர் இறந்துபோனார்கள். சவப் பரிசோதனை நிபுணர் கீத் சிம்ப்ஸன் அந்த உடல்களைப் பார்த்து, நுரையீரலில் கட்டி அடைத்த சாவுகள் முந்தைய ஆண்டைவிடப் பல மடங்கு கூடிவிட்டதை எழுதினார். நாற்காலியின் முன்சட்டம் தொடையின் அடியில் அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுத்திருந்தது. படுக்க வசதியாகப் பலகைக் கட்டில் போடுங்கள் என்பது அவர் சொன்ன பரிகாரம்.

2003 ஏப்ரலில் ஈராக் யுத்தத்தைப் படம்பிடிக்கப் போன அமெரிக்க டெலிவிஷன் நிருபர் டேவிட் புளூம் இறந்தார். வயது 39. குண்டடி படவில்லை. ராணுவ வண்டிக்குள் நாள்கணக்கில் காலை மடக்கியே பயணம் செய்தவரின் நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்திருந்தது.

இதைப் படிக்கும்போது கம்பம், போடி, உத்தமபாளையத்திலிருந்து விடியுமுன்னே ஏலத்தோட்டங்களுக்குப் புறப்படும் ஜீப்புகள் நினைவுக்கு வராமல் போகாது. முட்டியோடு முட்டி இடிக்க, தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்து வருகிறார்கள். நல்லவேளையாக ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணம் அவ்வளவாக ஆபத்தானதல்ல. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால்தான் அபாயம் கூடுகிறது என்கிறார்கள். அதிலும் பிரசவமானவர், ஆபரேஷன் ஆனவர், முன்பே ஒரு தடவை கட்டி வந்தவர் ஆகியோருக்குத்தான் கவலை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ரிசர்வேஷன் கிடைக்காமல் ஜெனரல் கம்பார்ட்மெண்டில் மூட்டைகளுக்கு நடுவே காலை நீட்ட முடியாமல் இரவு முழுவதும் போகிறவர்கள் இந்தக் கணக்கில் வருவார்கள். குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்தாலே கெண்டைக்கால் பம்பு வேலை செய்யத் தொடங்கிவிடும். தண்ணீர் குடிக்க வேண்டும். பாத்ரூம் போக இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் வருவது பெண்களின் வழக்கம்; அது நல்லதல்ல.

உருவி விடக்கூடாத கால்

வியாதி காலில் இருக்கும்போதே பிடித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. ஒரு கால் மட்டும் வீங்கும். கெண்டைக்காலில் வலி, தொட்டால் சூடு, சில சமயம் சிவப்பு. இரண்டு காலும் சேர்ந்து வீங்கினால் பெரும்பாலும் வேறு காரணம். ஒற்றைக் கால் வீக்கம்தான் இதற்கு அடையாளம்.

நமது ஜனங்கள் இந்த வீக்கத்துக்கு முதலில் செய்வது என்ன? சுளுக்கு என்று நினைத்துத் தைலம் போட்டு உருவிவிடுவது. மலையாளத்து உழிச்சிலும் பேர் போனது. யாராவது ஒருவர் நல்ல கை இருக்கிறது என்று அழைத்துப்போவார். திடீரென்று ஒற்றைக் கால் வீங்கினால் உருவவே கூடாது. ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டி நழுவி மேலே போவதற்கு நாமே வழி செய்து கொடுத்ததாக ஆகிவிடும். முதலில் 'டாப்ளர்' ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் ஊசி இல்லை, வலி இல்லை.

கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டதற்கு அடையாளம் திடீர் மூச்சுத் திணறல். இழுத்து மூச்சு விட்டால் விலாவில் குத்துகிற வலி. நாடித் துடிப்பு வேகமாகும். இருமலில் இரத்தம் வரலாம். மயக்கம் வந்து விழலாம். சளியும் இல்லை, ஆஸ்துமா சரித்திரமும் இல்லை, ஆனால் மூச்சு மட்டும் வாங்குகிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். அப்போது டாக்டரிடம் தவறாமல் சொல்ல வேண்டிய சேதி, "இத்தனை நாள் படுக்கையில் இருந்தேன், இந்தக் கால் வீங்கியிருந்தது" என்பது. பல பேர் நெஞ்சைப் பற்றிச் சொல்வார்கள், காலைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். காலுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்களுக்குத் தோன்றுவது இயல்புதானே!

ஈ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்ரே, எக்கோ, 'டி-டைமர்' என்ற இரத்தப் பரிசோதனை எல்லாம் செய்வார்கள். டி-டைமர் அதிகமாக இருந்தால் கட்டி இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. காய்ச்சல், கர்ப்பம், ஆபரேஷன் எதிலும் அது கூடும். சந்தேகம் குறைவாக உள்ளவருக்கு அது சாதாரண அளவில் இருந்தால் கட்டி இல்லை என்று சொல்லத்தான் அது உதவும். ஐயம் தெளிவிப்பது, நரம்பில் சாயமருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன்.

அட்டை, நாய், மாடு, எலி

இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை மனிதனுக்கு முதலில் காட்டிக் கொடுத்தது ஏலக்காட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஜீவன்தான்: அட்டை! அட்டை கடித்த இடத்தில் உப்பு வைத்து அதை விழவைத்த பிறகும் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். அதன் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத ஒரு பொருள் இருப்பதை 1884-ல் ஜான் ஹேகிராப்ட் என்ற ஆங்கில விஞ்ஞானி கண்டார்.

1916-ல் அமெரிக்காவில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர், இரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடி ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அதற்கு நேர்மாறானது நாயின் ஈரலில் இருப்பதைப் பார்த்தார். அவருடைய பேராசிரியர் ஹாவெல் அதற்கு 'ஹெப்பாரின்' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் ஈரலுக்கு அப்படியொரு சொல். கனடாவின் டொரன்டோ நகரில், இன்சுலினில் பங்கு பெற்ற அதே சார்லஸ் பெஸ்ட் குழுவினர் 1930-களில் இதை மனிதருக்குப் போடக்கூடிய அளவுக்குச் சுத்தப்படுத்தினார்கள். இன்றைக்கு உலகெங்கும் ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. மார்க்க சம்பந்தமாக ஆட்சேபம் உள்ளவர்கள் டாக்டரிடம் சொன்னால், 'பான்டாபாரினக்ஸ்' என்று முழுக்க ரசாயன முறையில் தயாரான ஊசியும் இருக்கிறது.

மாத்திரையின் கதை இன்னும் விசித்திரமானது. 1933 பிப்ரவரியில் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலத்தில் பனிப்புயலுக்கு நடுவே ஒரு விவசாயி, செத்துப்போன கிடேரியையும், ஒரு பால் கேனில் உறையாத இரத்தத்தையும், கெட்டுப்போன தீவனத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு சர்வகலாசாலைக்கு வந்து சேர்ந்தார். சிறு காயம் பட்டாலும் இரத்தம் நிற்காமல் அவருடைய மாடுகள் செத்துக்கொண்டிருந்தன. அங்கே கார்ல் லிங்க் என்ற ரசாயன நிபுணர் அந்தப் பூஞ்சணம் பிடித்த தீவனத்தை ஆறேழு ஆண்டுகள் ஆராய்ந்து காரணப் பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் இனத்தில் ஒன்றுதான் 'வார்பரின்'. 1948-ல் அது எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1951-ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த ஒருவர் தற்கொலை செய்துகொள்ள அதைத் தின்று, வைட்டமின் 'கே' கொடுக்கப்பட்டுப் பிழைத்துக்கொண்டார். முறிவு மருந்து இருக்கிறது என்ற தைரியம் அதில்தான் வந்தது. 1954-ல் மனிதருக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் அதைக் கொடுத்தார்கள். நமது பக்கத்தில் டாக்டர்கள் அதிகம் எழுதும் 'அசிட்ரோம்' மாத்திரையும் இதே குடும்பம்தான். டாக்டர் எழுதித் தந்தது எலி மருந்து வகை என்று யாராவது பயமுறுத்தினால் நிறுத்திவிட வேண்டாம். அளவில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த மருந்துகளால் உயிர் பிழைக்கிறது என்பதை ருசுப்படுத்தியது இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பரிசோதனை ஒன்று. பாரிட், ஜோர்டன் என்ற இரு டாக்டர்கள் 1960-ல் வெளியிட்டது. மருந்து கொடுக்கப்படாத 19 பேரில் 5 பேர் நுரையீரல் கட்டியால் இறந்தார்கள். மருந்து பெற்ற 16 பேரில் அந்தக் காரணத்தால் ஒருவர்கூட இறக்கவில்லை. இனியும் சிலருக்கு மருந்து கொடுக்காமல் வைத்திருப்பது நியாயம் அல்ல என்று அத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

நாலுக்கு நாலு

ஹெப்பாரின் கட்டியைக் கரைப்பதில்லை. இது முக்கியம். இருக்கும் கட்டி பெருகாமலும் புதுக் கட்டி உண்டாகாமலும் தடுக்கிறது. பழையதை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. பெரும்பாலோருக்கு அது போதும்.

ஆனால் பெரிய கட்டி ஒன்று முக்கியக் குழாயையே அடைத்து, இரத்த அழுத்தம் 90-க்குக் கீழே இறங்கி, நோயாளி சாய்ந்துவிட்டால் உடம்பு கரைக்கும் வரையில் காத்திருக்க முடியாது. அப்போது கட்டியைக் கரைக்கும் மருந்தே வேண்டும். தொண்டைப் புண் உண்டாக்கும் ஒரு வகைக் கிருமி இரத்தக் கட்டியைக் கரைப்பதை 1933-ல் வில்லியம் டில்லட் என்ற அமெரிக்க டாக்டர் கண்டறிந்தார். அதிலிருந்து வந்தது 'ஸ்ட்ரெப்டோகைனேஸ்'. 1995-ல் மெக்ஸிகோ நாட்டு டாக்டர்கள் வெளியிட்ட ஒரு சிறு பரிசோதனையில் இப்படிச் சாய்ந்துபோன எட்டுப் பேர் இருந்தார்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸும் ஹெப்பாரினும் பெற்ற நாலு பேரும் பிழைத்தார்கள். ஹெப்பாரின் மட்டும் பெற்ற நாலு பேரும் இறந்தார்கள். எட்டுப் பேரோடு பரிசோதனை நின்றது. எட்டுப் பேரை வைத்து எல்லாம் முடிவு செய்துவிட முடியாது என்றாலும், படிக்கிறவர்களை உலுக்கிய கணக்கு அது.

இந்த மருந்து முன்பு இறக்குமதியாகத்தான் வந்துகொண்டிருந்தது. சண்டிகாரில் உள்ள மத்திய சர்க்காரின் நுண்ணுயிர் ஆராய்ச்சிக் கழகத்தில் டாக்டர் கிரீஷ் சாஹ்னி குழுவினர் உள்நாட்டிலேயே அதைத் தயாரிக்கும் முறையைக் கண்டு இந்தியக் கம்பெனிகளுக்குக் கொடுத்தார்கள். 2000-ஆம் ஆண்டுகளில் அது மார்க்கெட்டுக்கு வந்தது. ஒரே ஊசியாகச் செலுத்தக்கூடிய 'டெனக்டபிளேஸ்' என்ற விலை உயர்ந்த மருந்தும் இப்போது புனாவில் தயாராகிறது.

கரைக்கும் மருந்து என்றதும் எல்லோருக்கும் போட்டுவிடலாமே என்று தோன்றும். அதுதான் கூடாது. 2014-ல் வெளியான ஐரோப்பியப் பரிசோதனையில், அழுத்தம் இறங்காமல் இருதயத்தின் வலப்பக்கம் மட்டும் சிரமப்படும் நோயாளிகள் ஆயிரம் பேருக்கு மேல் சேர்க்கப்பட்டார்கள். டெனக்டபிளேஸ் போட்டவர்களில் நிலைமை மோசமானவர்கள் குறைவு. ஆனால் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் பேருக்கு மூளைத் தாக்குதல் வந்தது; போடாதவர்களுக்கு ஆயிரத்துக்கு இரண்டுதான். ஆகவே அழுத்தம் நன்றாக உள்ள நோயாளிக்கு, "பெரிய ஊசி போடவில்லையே" என்று உறவினர்கள் டாக்டரிடம் சண்டைக்குப் போவதில் அர்த்தம் இல்லை.

கரைக்கும் மருந்து ஆகாதவர்களுக்குத் தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை உறிஞ்சி எடுப்பது, நெஞ்சைத் திறந்து எடுப்பது ஆகியவை பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு. நெஞ்சைத் திறக்கும்போது இருதயத்தின் வேலையைச் செய்யும் யந்திரம் பிறந்ததே இந்த வியாதியால்தான். 1930-களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரில் ஜான் கிப்பன் என்ற இளம் டாக்டர், நுரையீரலில் கட்டி அடைத்த ஒரு பெண்மணியின் கட்டிலருகே இரவு முழுதும் காவல் இருந்தார். ஆபரேஷன் செய்தும் அவர் பிழைக்கவில்லை. அந்த இரவில் தோன்றிய எண்ணத்தை இருபது ஆண்டுக்கு மேல் விடாமல் பிடித்துக்கொண்டு 1953 மே 6-ஆம் தேதி தமது யந்திரத்தால் முதல் வெற்றி கண்டார்.

ரயில் இல்லாத ஜில்லா

இவ்வளவு வைத்தியமும் மலைக்குக் கீழே இருக்கிறது. நோயாளி மலைக்கு மேலே இருக்கிறார்!

பாலக்காட்டுப் பக்கம் நிலைமை பரவாயில்லை. வாளையாரிலோ கஞ்சிக்கோடு ஆலையிலோ ஒருவர் விழுந்தால் பாலக்காடு ஜில்லா ஆஸ்பத்திரி ஒரு பக்கம், கோவை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மறுபக்கம். பாலக்காட்டிலிருந்து கோவை சுமார் 50 கிலோமீட்டர், நல்ல ரோடு. நெல்லியாம்பதி எஸ்டேட்டுகளுக்குத்தான் நெம்மாறை வரையில் மலைப்பாதை.

இடுக்கி அப்படி அல்ல. 1972-ல் பிறந்த இந்த ஜில்லாவில் ரயில் பாதையே கிடையாது. மூணாறிலிருந்து கோட்டயம் மருத்துவக் கல்லூரி சுமார் 140 கிலோமீட்டர். தேனி சுமார் 85 கிலோமீட்டர். அதில் போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். குமுளியிலிருந்து கோட்டயம் நூறு கிலோமீட்டருக்கு மேல், தேனி அறுபதுக்குச் சமீபம். மழைக்காலத்தில் தேவிகுளம் கேப் ரோட்டில் மண் சரிந்தால் கணக்கே மாறிவிடும். இடுக்கி சர்க்கார் மருத்துவக் கல்லூரி 2014-ல் தொடங்கி, அங்கீகாரச் சிக்கலில் மாணவர் சேர்க்கை நின்று, 2022-ல் மறுபடி நடைபெறத் தொடங்கியது. ஆகவே பூப்பாறையிலும் சாந்தன்பாறையிலும் உள்ளவர்கள் பெரிய வியாதி என்றால் இன்றும் எந்தப் பக்கம் இறங்குவது என்றுதான் யோசிக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் ஹெப்பாரினின் மறுபிறப்பான 'எனாக்ஸபரின்' போன்ற ஊசியின் அருமை தெரிகிறது. நோயாளியின் எடைக்குத் தக்கபடி வயிற்றுத் தோலுக்கு அடியில் போடுவது. பழைய ஹெப்பாரினைப் போல் மணிக்கு மணி இரத்தம் எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. ஐஸ் பெட்டியும் வேண்டாம். சந்தேகம் பலமாக இருந்து, இரத்தப்போக்கு அபாயம் இல்லை என்றால், ஸ்கேன் எடுக்கும் வரையில் காத்திராமல் முதல் ஊசியைப் போட்டுவிடலாம் என்பது உலகெங்கும் இருதய நிபுணர்கள் ஒப்புக்கொண்ட முறை. மூணாறிலிருந்தோ நெடுங்கண்டத்திலிருந்தோ ஆம்புலன்ஸ் புறப்படும் முன் அந்த ஒரு ஊசி ஏறியிருந்தால், வளைவுகளைக் கடக்கும் மூன்று நாலு மணி நேரமும் வீணாகாது. தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் தோட்ட ஆஸ்பத்திரிகளிலும் இந்த ஊசி எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று தொழிற்சங்கங்கள் கேட்டுப் பார்ப்பது பஞ்சப்படியைக் கேட்பதற்குக் குறைந்த வேலை அல்ல. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வைத்திய வசதி நிர்வாகத்தின் கடமை என்று வகுத்தது. ஆனால் தினமும் ஜீப்பில் வந்து போகிற பெண்ணை எந்தத் தோட்டத்தின் ஆள் என்று கணக்கில் எழுதுவது?

பணத்தின் விஷயமும் அப்படித்தான். வெளி மாநிலத் தொழிலாளருக்குக் கேரள அரசு 2017-ல் 'ஆவாஸ்' என்ற இன்ஷூரன்ஸ் திட்டத்தை 15,000 ரூபாய் சிகிச்சை வரம்போடு தொடங்கியது. சி.டி. ஸ்கேனும் தீவிர சிகிச்சை வார்டும் சேர்ந்தால் தனியார் ஆஸ்பத்திரியில் அந்தத் தொகை எத்தனை நாள் தாங்கும்? தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை ஊரில் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். அந்த அட்டையின் நகல் கையில் இருப்பது, எந்தப் பக்கம் இறங்குவது என்று முடிவு செய்யும் நேரத்தில் உதவும். ஈ.எஸ்.ஐ. சந்தா பிடிக்கப்படும் கஞ்சிக்கோடு தொழிலாளர்கள் அந்த நம்பரை வீட்டாருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

மூன்று மாதம்

ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும் சிகிச்சை முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. குறைந்தது மூன்று மாதம் மாத்திரை உண்டு. கால் முறிவு, ஆபரேஷன் போன்ற தெளிவான காரணம் இருந்தால் பெரும்பாலும் மூன்று மாதத்தோடு நிறுத்துவார்கள். காரணமே தெரியாமல் வந்திருந்தால், அல்லது இரண்டாம் தடவை வந்திருந்தால், வருஷக்கணக்கில் தொடரலாம். டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு 2011-ல் ஒரு தடவையும் 2017-ல் பிரசவத்துக்குப் பின் மறுபடியும் நுரையீரலில் கட்டி வந்தது. இரண்டாம் தடவை மூச்சுத் திணறியதும், தமக்கு என்ன வியாதி என்று அவரே நர்ஸிடம் சொல்லி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். முன் அனுபவம் உள்ள நோயாளி அப்படி வாய் திறந்து சொல்வது எல்லா ஊருக்கும் பொருந்தும்.

வார்பரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் 'ஐ.என்.ஆர்.' என்ற இரத்தப் பரிசோதனை அடிக்கடி செய்துகொள்ள வேண்டும். எண் 2-க்கும் 3-க்கும் நடுவே நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி வரும். கூடினால் இரத்தம் கசியும். மாத்திரை மலிவுதான். ஆனால் பரிசோதனைக்காக மலை இறங்கினால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது, பஸ் செலவு வேறு. அதனால்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். கீரையிலும் முட்டைக்கோஸிலும் வைட்டமின் 'கே' அதிகம்; அது இந்த மாத்திரைக்கு எதிர் வேலை செய்யும். வட்டவடை, காந்தலூர்க்காரர்கள் கோஸைச் சாப்பிடாமல் எப்படி இருப்பது என்று கவலைப்பட வேண்டாம். அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு வாரம் தினமும் கோஸ், மறுவாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான். உடம்பு வலிக்குக் கடையில் தானாக வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது பெரிய ஆபத்து. நாட்டு மருந்தையும் டாக்டரிடம் சொல்லாமல் சேர்க்கக் கூடாது. பல் ஈறில் இரத்தம், சிறுநீரில் சிவப்பு, மலம் தார் போல் கறுத்தல், காரணமில்லாத கடுமையான தலைவலி ஆகியவை கண்டால் உடனே போக வேண்டும். அட்டை கடித்தால் வழக்கத்தைவிட அதிக நேரம் இரத்தம் கசியும். துணி வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரைகள் ஆகாது, குழந்தையைப் பாதிக்கும். அவர்களுக்கு ஊசிதான்.

இந்தப் பரிசோதனைத் தொல்லை இல்லாத புது மாத்திரைகள் வந்திருக்கின்றன. 'ரிவரோக்ஸபான்', 'அபிக்ஸபான்' முதலியவை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இந்த வகையை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ரிவரோக்ஸபானின் காப்புரிமை இந்தியாவில் 2020 இறுதியில் முடிந்ததால் பல கம்பெனிகள் தயாரித்து விலை இறங்கியது. ஐ.என்.ஆர். வேண்டாம், கீரைக்கும் தடை இல்லை. மூத்திரக்காய் கெட்டவர்களுக்கும் சில விசேஷ இரத்த வியாதி உள்ளவர்களுக்கும் சரிப்படாது. ஆனால் ஒரு வேளை தவறினாலும் இதன் சக்தி சீக்கிரம் இறங்கிவிடும். ரிவரோக்ஸபான் முதல் மூன்று வாரம் தினம் இரு வேளை, பிறகு அளவு மாறி ஒரு வேளை. அந்த மாற்றத்தைச் சீட்டில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அதைச் சாப்பாட்டோடுதான் போட்டுக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் சரியாகச் சேராது. விடியற்காலையில் கடுங்காப்பியோடு ஜீப் ஏறுகிறவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றித் தரும்படி முதல் நாளே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.